ஈ.எஸ்.சி. எரிந்ததற்கு சி ரேட்டிங் காரணமில்லை
ட்ரோனில் மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் போர்டான ஈ.எஸ்.சி. எரிந்துவிட்டது என்று கேட்டவருக்கு, "100சி பேட்டரி போட்டதால்தான் அதிக ஆம்பியர் பாய்ந்து ஈ.எஸ்.சி. எரிந்தது, 45சிக்கு மாறுங்கள்" என்று ஒருவர் சொல்லியிருப்பது தவறு. சி ரேட்டிங் என்பது பேட்டரியால் அதிகபட்சம் எவ்வளவு மின்னோட்டம் தர முடியும் என்பதற்கான அளவு. 1500 எம்.ஏ.ஹெச். (அதாவது 1.5 ஆம்பியர்-மணி கொள்ளளவு), 100சி என்றால் 1.5 × 100 = 150 ஆம்பியர் வரை. அதை பேட்டரி தானாகத் தள்ளாது. மோட்டாரும் ப்ரொப்பெல்லரும் கேட்பதுதான் போகும். ஷார்ட் ஆகியிருந்தால் மட்டும் சி கூடுதலான பேட்டரி சேதத்தைப் பெரிதாக்கும், அது உண்மை.

வோல்டேஜ் வேறு கதை. முழு சார்ஜில் 4எஸ் (தொடராக நான்கு செல் உள்ள பேட்டரி) 16.8 வோல்ட், 6எஸ் (ஆறு செல்) 25.2 வோல்ட். 4எஸ் வரை மட்டுமே தாங்கும் போர்டில் 6எஸ் செருகினால் போர்டு போய்விடும்.

புது ஈ.எஸ்.சி. வாங்கும் முன் மோட்டாரைப் பாருங்கள், தயவுசெய்து. மல்டிமீட்டரை பீப் மோடில் வைத்து, மோட்டார் வயருக்கும் அதன் உலோக உடலுக்கும் இடையே தொடுங்கள். சத்தம் வரவே கூடாது. வந்தால், மோட்டாரைப் பொருத்திய நீளமான ஸ்க்ரூ உள்ளே செப்புச் சுருளைத் தொட்டிருக்கிறதா என்று கழற்றிப் பாருங்கள். நான் இதைப் பார்க்காமல் விட்டு, மாற்றிய ஈ.எஸ்.சி.யையும் அன்றே எரித்தேன்.

அப்புறம், பேட்டரியைச் செருகாமல், ட்ரோனில் பேட்டரி செருகும் வயரின் ப்ளஸ், மைனஸ் இடையே அதே பீப் சோதனை: ஒரு கணம் பீப் அடித்து நின்றால் கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகிறது, சரி. விடாமல் அடித்தால் ஷார்ட், பெரும்பாலும் மாஸ்ஃபெட்தான் (ஈ.எஸ்.சி.யில் மின்னோட்டத்தைத் திறந்து மூடும் சுவிட்ச் சில்லு). முதல் முறை செருகும்போது ஸ்மோக் ஸ்டாப்பர் (ஷார்ட் இருந்தால் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சிறு கருவி) வழியாகவே செருகுங்கள்.