பாதிரியாரும் அவர்தான், வைத்தியரும் அவர்தான்

17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் மதமும் மருத்துவமும் முட்டிக்கொண்டே இருந்தன என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வரலாற்றாசிரியர் மைக்கேல் மெக்டொனால்ட் 1981-ல் வெளியிட்ட ஆய்வில் வரும் ரிச்சர்ட் நேப்பியரையே எடுத்துக்கொள்ளுங்கள். கிரேட் லின்ஃபோர்டு ஊரின் பாதிரியார், ஜோசியர், வைத்தியர், மூன்றும் ஒரே ஆள்.

நோயாளி வந்ததும் பெயர், வயது, வந்த நேரம் எல்லாம் எழுதி, சதுரமாகக் கட்டம் போட்டுக் கிரகங்களைக் குறிப்பார். கூடவே நோயாளி சொன்ன குறையையும் எழுதிக்கொள்வார். அப்புறம் பேதி மருந்து, இல்லையென்றால் ரத்தம் எடுப்பது, சிலருக்குத் தாயத்து. ரபேல் தேவதூதரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வாராம்! ஜெபம் செய்து செய்தே அவர் முழங்கால் காய்த்துப்போயிருந்தது என்று அந்த நூற்றாண்டில் பலரின் வாழ்க்கைக் குறிப்புகளை எழுதிய ஜான் ஆப்ரி எழுதிவைத்திருக்கிறார்.

அந்தக் குறிப்புகளிலிருந்து மனம் கலங்கி வந்த சுமார் 2,000 பேரை மெக்டொனால்ட் தேடி எடுத்தார். கைகூடாத காதல், புருஷன் கொடுமை, கடன், பிள்ளையைப் பறிகொடுத்த துக்கம். ஆனால் ஒன்று, அவர்கள் சொன்னதில் நேப்பியர் எழுதிக்கொண்டது மட்டும்தான் நமக்குக் கிடைக்கிறது.

ஏடுகள் ஆக்ஸ்போர்டு போட்லியன் நூலகத்தில் இருக்கின்றன. கேம்பிரிட்ஜ் குழு ஒன்று இணையத்திலும் ஏற்றியிருக்கிறது, போய்ப் பாருங்கள். அந்தக் கையெழுத்துக்கு நம்ம டாக்டர் சீட்டே தேவலை.