மாமா, என் கை குட்டையா?

திண்ணைச் சுவரில் முதுகை ஒட்டி வைத்து, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றான் அக்கா மகன். அவன் தங்கச்சி பென்சிலால் இந்தப் பக்க விரல் நுனியில் ஒரு கோடு போட்டுவிட்டு, ஓடிப்போய் அந்தப் பக்க நுனியில் இன்னொரு கோடு போட்டாள். அப்புறம் அக்காவின் தையல் மிஷின் டிராயரிலிருந்து இன்ச் டேப் வந்தது. டேப் 60 இன்ச்சில் முடிந்துபோக, மிச்சத்துக்கு ஸ்கேல். மொத்தம் 62.

“மாமா, என் கை குட்டையா?”

14 வயசுப் பையன். இரண்டு வருஷமாக பாக்ஸிங் பழகுகிறான். பக்கத்து ஊரில் ஒரு செலக்‌ஷனுக்குப் போனவனை, ஒரு பஞ்ச் கூட விடச் சொல்லிப் பார்க்காமல், சுவரோரம் நிறுத்தி டேப் வைத்து அளந்து, “ரீச் பத்தாதுப்பா” என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தவன் அன்றிலிருந்து கொல்லைப் புங்கமரக் கிளையில் காலையும் மாலையும் தொங்குகிறான், கை நீளுமாம். தொங்கினால் உள்ளங்கைத் தோல்தான் உரியும் என்று சொல்லியும் கேட்பதில்லை. அந்தக் கோபத்தில்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ரீச் ஒன்றுமே இல்லை என்று பேச வரவில்லை. இன்றைக்கு மன்னார்குடியில் உரக்கடைக் கல்லாவில் தொப்பையோடு உட்கார்ந்திருக்கும் நான், காலேஜில் படித்தபோது 60 கிலோவில் ரிங் ஏறியவன். திருச்சியிலிருந்து ஒரு நெட்டைப் பையன் வந்திருந்தான், இடதுகைக்காரன். அவன் ஜாப், அதாவது முன்னால் இருக்கும் கையை நேராக நீட்டி விடும் குத்து, ஒன்றும் பெரிய அடி இல்லை. ஈரத்துண்டை உதறி மூக்கில் சொடுக்குவது போல இருக்கும். ஆனால் நான் ஒரு அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் அந்த ஈரத்துண்டு முன்னாலேயே வந்து நிற்கும். இரண்டாவது ரவுண்டில் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. வலியில்லை, மூக்கில் பட்டால் தானாக வரும் தண்ணீர். அதையே அழுகை என்று நினைத்துக் கூட்டத்தில் ஒருத்தர் “பாவம்பா” என்றது இன்னும் காதில் இருக்கிறது. தோற்றேன். நீளக் கை என்ன செய்யும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

ஆனால் அந்த டேப் எதை அளக்கிறது? பாக்ஸிங்கில் ரீச் என்றால் இந்தக் கை விரல் நுனியிலிருந்து அந்தக் கை விரல் நுனி வரை. அதில் தோள் அகலமும் நெஞ்சு அகலமும் சேர்ந்துதான் வரும். அகன்ற தோளும் குட்டைக் கையும் உள்ளவனுக்கும், ஒடுங்கிய தோளும் நீளக் கையும் உள்ளவனுக்கும் ஒரே எண் வரலாம். போதாக்குறைக்கு விரல் வேறு கணக்கில் வருகிறது. கிளவுஸுக்குள் கையை மடக்கித்தானே குத்துகிறோம், விரல் நுனியால் யாராவது குத்துவார்களா? எங்கள் தெரு டெய்லர் தோளிலிருந்து மணிக்கட்டு வரை சட்டைக்கு அளக்கிறாரே, அது இதைவிட நியாயமான அளவு.

சரி, பெரிய ஆட்டங்களுக்கு வருவோம். ‘ரீச்தான் எல்லாம்’ என்பவர்கள் முதலில் எடுத்துப் போடுவது 1990 பிப்ரவரி, டோக்கியோ. அப்போதைய ஹெவிவெயிட் சாம்பியன் மைக் டைசனுக்கு 71 அங்குலம், எதிரே வந்த பஸ்டர் டக்ளஸுக்கு 83. முழுசாக ஒரு அடி வித்தியாசம். டக்ளஸ் ஜாபிலேயே டைசனைத் தள்ளித் தள்ளி நிறுத்தி, பத்தாவது ரவுண்டில் கீழிருந்து மேலே விடும் ஒரு அப்பர்கட்டில் ஆரம்பித்துக் கீழே சாய்த்தார். பார்த்தாயா, கை நீளம் ஜெயித்தது என்பார்கள்.

நான் அந்த ஆட்டத்தை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. அதே 71 அங்குலக் கைதான் 1986 நவம்பரில் ட்ரெவர் பெர்பிக்கை இரண்டே ரவுண்டில் முடித்து, 20 வயசில் ஹெவிவெயிட் பட்டத்தை வாங்கிக் கொடுத்தது. தன்னைவிட உயரமான மைக்கேல் ஸ்பிங்க்ஸை 1988இல் 91 விநாடியில் முடித்ததும் அதே கைதான். கை அப்படியேதான் இருந்தது. டோக்கியோவில் மாறியது தலை. பழைய கோச் கஸ் டமாட்டோ சொல்லிக் கொடுத்த ஆட்டத்தில் டைசனின் தலை ஒரு இடத்தில் நிற்காது. இப்படிச் சாய்ந்து, அப்படி வளைந்து, ஜாபுக்குக் கீழே புகுந்து வந்துகொண்டே இருக்கும். டோக்கியோவில் அந்தத் தலை நேராக நின்றது. ரிங் மூலையில் அவருக்கு உதவிக்கு நின்றவர்களைப் பாருங்கள், கண் வீக்கத்தை அமுக்கும் இரும்பைக்கூடக் கொண்டுவரவில்லை. ரப்பர் கையுறையில் ஐஸ் தண்ணீரை ஊற்றிக் கண்ணில் வைத்துக்கொண்டிருந்தார்கள். அப்படி வந்தவனை 75 அங்குலக் கைக்காரன்கூட அன்றைக்கு அடித்திருப்பான் என்பது என் எண்ணம். இருந்தும் எட்டாவது ரவுண்டில் டக்ளஸைக் கீழே விழ வைத்தார் பாருங்கள், அந்தக் குட்டைக் கையால்.

ரீச் குறைந்தவன் ஜெயித்த கணக்கும் இருக்கிறது. சன்னி லிஸ்டனுக்கு 84 அங்குலம், முகமது அலிக்கு 78. 1964இல் ஏழாவது ரவுண்டுக்கு ஸ்டூலை விட்டு எழுந்திருக்காமல் உட்கார்ந்துவிட்டவர் லிஸ்டன். ராக்கி மார்சியானோவின் ரீச் 70 அங்குலம்கூட இல்லை. 49 ஆட்டம், 49 வெற்றி. சமீபத்தில், 2024 மே மாதம் ரியாத்தில் 85 அங்குல டைசன் ஃப்யூரியை 78 அங்குல உசிக் தோற்கடித்தார். நடுவர்கள் பிரிந்து கொடுத்த தீர்ப்புதான், அதனால் முனகியவர்கள் உண்டு. டிசம்பரில் மறுபடி மோதினார்கள். மூன்று நடுவரும் உசிக் பக்கம்.

எனக்குப் பிடித்தது 2010 நவம்பரில் பக்கியாவோ - மார்கரிட்டோ. பக்கியாவோவுக்கு 67, எதிரே 73. மார்கரிட்டோ ஆளும் கிட்டத்தட்ட அரை அடி கூடுதல் உயரம். சின்ன ஆள் நேராகப் போகவே இல்லை. ஒரு எட்டு வெளியே வைத்து, பக்கவாட்டில் முளைத்து, நாலு குத்து குத்திவிட்டு, அந்த நீளக் கை திரும்பி வருவதற்குள் இன்னொரு பக்கம் போய்விடுவார். கடைசியில் மார்கரிட்டோவின் கண்குழி எலும்பே உடைந்திருந்தது. குட்டைக் கைக்காரனுக்கு ரீச் காலில் இருக்கிறது. நான் சொல்ல வருவது அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம். எடைப் பிரிவு என்று ஒன்று இருக்கிறதே. 48 கிலோவில் நெட்டையாக ஒருவன், குட்டையாக ஒருவன் என்றால் நெட்டைக்காரனுக்கு அந்த நீளம் சும்மா வரவில்லை. எங்கேயோ சதை குறைந்திருக்கும். அது விலாவாகவும் இருக்கலாம். அதனால்தான் குட்டையானவனிடம், ‘அவன் வயிற்றில் அடி, விலாவில் அடி’ என்கிறோம். கிட்டே போய்விட்டால் நீளக் கையை மடக்கிக் குத்த இடம் போதாது, கட்டிப் பிடிக்கத்தான் பார்ப்பான். குட்டைக் கை பக்கவாட்டில் வளைத்து விடும் ஹுக்குக்கும் அப்பர்கட்டுக்கும் அங்கே ஒரு ஜாண் இடம் போதும்.

எங்கள் பெரியப்பா சிலம்பம் ஆடியவர். கம்பு அவரவர் நெற்றி உயரத்துக்கு இருக்க வேண்டும் என்று வெட்டிக் கொடுப்பார். பையன் புலம்புவதைக் கேட்டுவிட்டு வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்: “நீளக் கம்புக்காரன்ட்ட எட்ட நின்னா அடி வாங்குவ. ஒட்டிக்கிட்டா அவன் கையில இருக்குறது வெறகு.” பாக்ஸிங் மேட்ச் ஒன்றுகூட முழுசாகப் பார்த்திராத மனுஷன்.

இருந்தாலும் அளந்தவர்கள் பக்கமும் கொஞ்சம் பேசிவிட வேண்டும். அமெச்சூர் ஆட்டம் மூன்றே ரவுண்டு, அதிகம் போனால் மொத்தம் ஒன்பது நிமிஷம். வயிற்றில் அடித்து அடித்து எதிராளியைக் களைக்க வைக்க நேரம் போதாது. தூரத்திலிருந்து விழும் சுத்தமான ஜாப் நடுவர் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். ஒட்டி நின்று விலாவில் விடும் குத்து இரண்டு உடம்புக்கு நடுவே மறைந்துபோகும். ஆகவே இந்த வயசில் இந்த ஆட்டத்தில் நீளக் கைக்கு லாபம் கூடத்தான். இரண்டு பேரும் ஒரே அளவு கற்றவர்கள் என்றால் நானே நெட்டைக்காரன் மேல்தான் பந்தயம் கட்டுவேன். ஆனால் கற்றிருக்கிறானா என்று பார்க்காமலே எப்படித் தெரியும்? 14 வயசில் அளந்த கை 17 வயசில் அதே கையா? தலை நகர்கிறதா, அடி வாங்கியதும் கண்ணை மூடுகிறானா, கால் பின்னிக்கொள்கிறதா, இதெல்லாம் எந்த டேப்பில் வரும்? ஐந்து நிமிஷம் ஸ்பாரிங், அதாவது பயிற்சி மோதல், விட்டுப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லியிருந்தால் நான் வாயைத் திறந்திருக்கமாட்டேன்.

இங்கே எங்களிடம் ரிங் கிடையாது. ரைஸ் மில்லிலிருந்து உமி வாங்கி, கிழிந்த வேட்டியையும் சேர்த்துச் சணல் சாக்கில் அடைத்துத் தொங்கவிட்டிருக்கிறோம். குத்தினால் தூசி பறக்கும், பையன் தும்மிக்கொண்டே குத்துவான். பாமணி ஆறு காய்ந்து கிடந்த வரை மணலில் ஓடவிட்டேன். கணுக்கால் புதையப் புதைய ஓடினால் கால் தானாக வந்துவிடும். மேட்டூர் திறந்து தண்ணீர் வந்த பிறகு கரைமேல் ஓடுகிறான். புது வேலை ஒன்றும் கொடுத்திருக்கிறேன். கொல்லையில் இரண்டு தென்னைக்கும் நடுவே கயிறு கட்டி, அதற்குக் கீழே இப்படியும் அப்படியும் குனிந்து புகுந்து போக வேண்டும். 50 தடவை. கயிறு தலையில் பட்டால் முதலிலிருந்து.

போன ஞாயிறு எனக்குத் தெரிந்த ஒருவரின் பையனை நீடாமங்கலத்திலிருந்து வரவழைத்தேன். இவனைவிட அரை அடி உயரம், கை முழங்காலைத் தொடும். முதல் ரவுண்டு பூரா நம்ம ஆள் மூக்கில் ஈரத்துண்டுதான். இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதில் ஒரே ஒரு தடவை தலையை ஜாபுக்கு வெளியே எடுத்து, இடது காலை உள்ளே வைத்து, விலாவில் ஒன்று விட்டான். அந்த நெட்டைப் பையன் ‘ஹக்’ என்று மூச்சை விட்ட சத்தம் திண்ணையில் இருந்த பெரியப்பா வரைக்கும் கேட்டது. பாயிண்ட் போட்டால் சந்தேகமே இல்லாமல் இவன் தோல்விதான்.

சாயந்திரம் அக்கா திண்ணைச் சுவரில் இருந்த பென்சில் கோட்டை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். இவன் பக்கத்தில் நின்று மூக்கில் ஐஸ் வைத்துக்கொண்டு, “மாமா, அடுத்த ஞாயிறும் அந்த அண்ணனையே வரச் சொல்றியா?” என்றான். போன் பண்ணிச் சொல்லிவிட்டேன்.