நீர்ப்பாய்ச்சிக்கு ஒரு நாற்காலி

போன ஆண்டு ஜூன் 5 அன்று எங்கள் பள்ளியிலும் கண்மாய்க் கரையிலுமாக நட்ட 200 மரக்கன்றுகளில் இன்று உயிரோடு இருப்பவை 11. நேற்று மாலை பிள்ளைகளோடு போய் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.

நட்டுக் கொடுத்தது ஒரு நிறுவனம். பெயர் வேண்டாம். வந்தவர்கள் நல்ல மனிதர்கள், வெயிலில் வியர்க்க வியர்க்க வேலை செய்தார்கள். ஆனால் சிவகங்கைப் பக்கம் மரம் நடுகிற மாதமா ஜூன்? எங்களுக்கு மழை என்றால் ஐப்பசியும் கார்த்திகையும்தான். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை இறங்கிய பிறகு நட்டால் வேர் பிடிக்கும். ஜூனில் நட்டால் நான்கு மாதம் குடம் குடமாகச் சுமந்து ஊற்ற வேண்டும். எங்கள் பள்ளி ஆழ்துளைக் கிணற்றில் சத்துணவுக் கூடத்துக்கே காலையில் அரை மணி நேரம்தான் தண்ணீர் ஏறும். ஊரில் யாரைக் கேட்டிருந்தாலும் இதைச் சொல்லியிருப்பார்கள். யாரும் கேட்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. தேடி வந்து உதவுகிறவர்களிடம் மாதம் சரியில்லை என்று எப்படிச் சொல்வது என்று தயங்கினேன். அந்தத் தயக்கத்தில் 189 கன்றுகள் போயின.

தொண்டு நிறுவனங்கள், கம்பெனிகளின் சமூகப் பொறுப்புப் பிரிவுகள், வெளிநாட்டில் இருக்கும் முன்னாள் மாணவர்கள் எனக் கிராமப் பள்ளிகளின் சூழல் கல்விக்குத் துணை நிற்க விரும்பும் எல்லாரிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. அந்தக் கல்விக்கு முதல் துணை எங்கள் ஊரிலேயே இருக்கிறார், கண்மாய்த் தண்ணீரைப் பார்த்துக்கொள்ளும் நீர்ப்பாய்ச்சி. அவரைப் பள்ளிக்குள் அழைத்துவர உதவுங்கள். அவர் சொல்லித் தருவதற்குக் கூலி கிடைக்க வழி செய்யுங்கள்.

சட்டத்துக்கோ திட்டத்துக்கோ குறைவில்லை. 1991-இல் சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில் சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயப் பாடமாக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பள்ளிகளில் சூழல் மன்றங்கள் நடத்தும் தேசிய பசுமைப்படை வந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. பள்ளிக்கு வெளியே இருக்கும் வாழ்க்கையோடு அறிவை இணைக்க வேண்டும் என்று 2005 தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு தெளிவாகவே சொல்கிறது. ஆனால் என் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அமேசான் காடு எந்தக் கண்டத்தில் இருக்கிறது என்பது தெரிந்திருந்தது, பள்ளிக்குப் பின்னால் கிடக்கும் கண்மாய்க்குத் தண்ணீர் திறந்துவிட எத்தனை மடை என்பது தெரியாமல் இருந்தது. பதினான்கு வருடம் அதே கரையில் ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டு பள்ளிக்கு வந்த எனக்கும் தெரியாது.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு கார்த்திகை மாதம் ஊர் நீர்ப்பாய்ச்சியைப் பள்ளிக்கு அழைத்தேன். நீர்ப்பாய்ச்சி என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கண்மாயில் எந்த மடையை எப்போது திறப்பது, எந்த வயலுக்கு எத்தனை நாழிகை தண்ணீர், உபரி நீர் வழியும் கலுங்கு பாய்கிற அளவுக்கு வெள்ளம் வந்தால் ராத்திரியில் யார் கரையைச் சுற்றுவது என்பதையெல்லாம் பார்க்கிறவர் அவர்தான். கடைமடை வயல் காய்ந்தால் பேச்சு வாங்குகிறவரும் அவரே. இந்த வேலைக்கு அறுவடையின்போது களத்திலேயே மரக்கால் கணக்கில் நெல் அளந்து கொடுப்பார்கள். எங்கள் ஊரில் இந்த வேலை தெரிந்தவர் இப்போது அவர் ஒருவர்தான். வயது எழுபதைத் தாண்டிவிட்டது.

கேட்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். நான் நாற்காலி எடுத்துப் போட்டேன். "பரவாயில்லை டீச்சரம்மா, நின்றே சொல்கிறேன்" என்றார். அன்று முழுக்க நின்றுகொண்டேதான் பேசினார். அவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறவர் என்று நான் எழுதாமலே எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இந்நேரம் விளங்கியிருக்கும். மூன்றாவது முறை வந்தபோதுதான் உட்கார்ந்தார், அதுவும் நாற்காலியின் விளிம்பில்.

அந்த மூன்றாவது நாளில் எங்களைக் கண்மாய்க்குக் கூட்டிக்கொண்டு போனார். மடைக்கல்லைக் காட்டி, "இன்னும் இரண்டு தண்ணீருக்குத் தாங்கும்" என்றார், அதாவது வயலுக்கு இன்னும் இரண்டு முறை பாய்ச்சலாம். ஒரு பையன் எப்படித் தெரியும் தாத்தா என்று கேட்டான். அவர் குனிந்து, கல்லில் ஒன்றன் மேல் ஒன்றாகப் படிந்திருந்த பாசிக் கோடுகளில் விரலை வைத்தார். மங்கலாகத் தெரிந்த ஓர் உயரமான கோட்டைத் தொட்டு, "இது பெரிய மழை. என் பேத்தி பிறந்த வருடம்" என்றார். அந்தப் பேத்தி என் வகுப்பில்தான் படிக்கிறாள். அவள் முன்னால் வந்து கோட்டுக்கு நேராக நின்று பார்த்தாள். அவள் நெஞ்சு உயரத்துக்கு வந்தது.

அன்று மாலையே பிள்ளைகள் அந்தக் கல்லில் சென்டிமீட்டர் அளவு குறித்தார்கள். நிரம்பிய கண்மாயின் நீர்ப்பரப்பு சுமார் 20 ஹெக்டேர். நீர்மட்டம் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் எவ்வளவு தண்ணீர் குறைகிறது என்று கணக்குப் போடச் சொன்னேன். 2,000 கனமீட்டர், அதாவது 20 லட்சம் லிட்டர். ஒரு பெண் அதை 12,000 லிட்டர் டேங்கர் லாரியாக மாற்றிப் பார்த்துவிட்டு, ஏறத்தாழ 167 லாரி என்றாள். வகுப்பு அப்படியே அமைதியாகிவிட்டது. கோடையில் குடிதண்ணீர் லாரிக்குக் குடத்தோடு வரிசையில் நின்ற பிள்ளைகள் அவர்கள். கன அளவு என்ற பாடத்தை நான் பல வருடம் பெட்டி வரைந்து நடத்தியிருக்கிறேன், ஒரு முறைகூட அப்படி ஓர் அமைதியைப் பார்த்ததில்லை.

சமூக அறிவியலும் அங்கேயே வந்தது. கண்மாய்ப் பாசனத்தில் இருக்கும் நிலம், அதாவது ஆயக்கட்டு, 40 ஹெக்டேருக்கு மேல் இருந்தால் நீர்வளத் துறை பொறுப்பு, குறைவாக இருந்தால் ஊராட்சி ஒன்றியம். அப்படியானால் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் எங்கள் வரத்துக்கால் அடைத்துக் கிடப்பதை யாரிடம் சொல்ல வேண்டும்? பிள்ளைகள் மனு எழுதினார்கள். பதில் இன்னும் வரவில்லை, மறுபடியும் எழுதுவோம்.

வெளியிலிருந்து வருகிறவர்கள் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காரைக்குடியிலிருந்து பறவை பார்க்கும் ஆர்வலர் ஒருவர் இரண்டு வருடமாக, தண்ணீர் இருக்கும் மாதங்களில் தவறாமல் வருகிறார். முதல் நாள் அவர் பாடம் எடுக்கவில்லை. பிள்ளைகளும் நீர்ப்பாய்ச்சி அய்யாவும் ஒவ்வொரு பறவையையும் என்ன பெயர் சொல்லி அழைக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டார். மடையான், வக்கா, முக்குளிப்பான், பாம்புத்தாரா, நத்தைக்குத்தி நாரை. பிறகுதான் தன் புத்தகத்தைத் திறந்தார். பள்ளிக்கு இரண்டு பைனாகுலர்களை விட்டுப் போயிருக்கிறார். இப்போது பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் எங்கள் கண்மாயின் பட்டியலும் சேர்கிறது. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளை, வயலகம் என்ற பெயரில் பாசனக்காரர்களையே சங்கமாகச் சேர்த்துக் கண்மாய் வேலை செய்வதையும் இங்கே சொல்ல வேண்டும். நன்மை செய்ய வருகிறவர்கள் முதலில் உட்கார்ந்து கேட்க வேண்டும், பிறகு திரும்பத் திரும்ப வர வேண்டும்.

இது பொழுதுபோக்குக்கான படிப்பும் இல்லை. மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டியை நினைத்துப் பாருங்கள். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அது அறிவிக்கப்பட்டது. குன்றுகள், சுனைகள், நீர்நிலைகள், லகர் வல்லூறு உட்பட 250 வகைப் பறவைகள், தமிழி கல்வெட்டு. டங்ஸ்டன் சுரங்க ஏலத்தில் அந்தப் பகுதியும் சேர்ந்திருக்கிறது என்று 2024 கடைசியில் தெரியவந்தபோது, அந்த ஊர் மக்களால் என்னவெல்லாம் அழியும் என்று பெயர் பெயராகச் சொல்ல முடிந்தது. கிராம சபைத் தீர்மானத்தோடும் பேரணியோடும் அவர்கள் நின்றார்கள், 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. எங்கள் மாவட்டத்திலேயே வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டியில் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. பறவைகள் பயந்துவிடக் கூடாது என்று அந்த ஊர்ப் பிள்ளைகள் காலகாலமாக விட்டுக் கொடுக்கிறார்கள். அங்கே ஒரு நாள் என் வகுப்பைக் கூட்டிக்கொண்டு போய், அந்தப் பிள்ளைகளையே பேசச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

இனி ஒரு கடினமான விஷயம். போன வருடம் பெற்றோர் கூட்டத்தில் ஒரு தகப்பனார் எழுந்து கேட்டார்: "நான் சேற்றில் மிதித்தது போதும் என்றுதான் என் மகனைப் பள்ளிக்கு அனுப்புகிறேன். நீங்கள் அவனைத் திரும்பவும் கண்மாய்க்குக் கூட்டிக்கொண்டு போகிறீர்களே டீச்சர்?" எனக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. அவர் கேட்டது நியாயம். 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த அரைநாள் பள்ளித் திட்டத்தைத் தமிழ்நாடு குலக்கல்வி என்று பெயர் சொல்லி எதிர்த்தது. பாதி நாள் படிப்பு, பாதி நாள் அப்பன் தொழில். 1954-இல் ராஜாஜி பதவி விலகினார், காமராசர் வந்து திட்டத்தைக் கைவிட்டார். அந்த எதிர்ப்பின் பலனாகப் படித்த தலைமுறை நாங்கள். வட்டாரக் கல்வி என்று யாராவது இனிமையாகப் பேசினால் அந்தத் தகப்பனாருக்குப் பயம் வரத்தான் செய்யும், வர வேண்டும்.

ஆகவே எங்கள் பள்ளியில் ஒரு விதி வைத்தோம். மண்வெட்டி பிடிப்பது முதலில் நிலம் உள்ள வீட்டுப் பிள்ளை. அளவு குறித்துக் கணக்குப் போட்டு, கூட்டத்தில் எழுந்து வாசிப்பது முதலில் கூலி வீட்டுப் பிள்ளை. எல்லாரும் எல்லாமும் கற்க வேண்டும், முறை வைத்து மாற்றிக்கொள்ள வேண்டும். நீர்ப்பாய்ச்சி அய்யாவின் பேத்தி மடை திறக்கப் பழக வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. அவள் நீரியல் படித்துப் பொறியாளர் ஆகட்டும். ஆனால் தன் தாத்தாவுக்குத் தெரிந்திருப்பது விஞ்ஞானம் என்பது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அதைவிட முக்கியமாக அவளோடு படிக்கும் மற்ற பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். இதை அந்தத் தகப்பனாரிடம் சொன்னேன். உடனே ஒப்புக்கொண்டுவிடவில்லை. அடுத்த முறை கண்மாய்க்குப் போனபோது கரையில் வந்து நின்று பார்த்தார். சவுடு மண் அள்ளிய பள்ளம் எங்கே இருக்கிறது என்று காட்டி, பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள் என்றார். அந்தப் பள்ளம் எனக்குத் தெரியாது. தண்ணீர் நிற்கும்போது பார்த்தால் யாருக்குமே தெரியாது.

ஊர் என்பது ஒரே குரல் இல்லை என்பதையும் துணை நிற்க வருகிறவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மக்கள் பங்கேற்பு என்று சொல்லி ஊர்ப் பெரியவர்கள் நான்கு பேரை மேடையில் உட்கார வைத்தால் வேலை முடிந்துவிடாது. கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். எங்கள் குழுவில் இருக்கும் ஓர் அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். வரப்பில் முளைக்கும் கீரைகளில் எது எந்த மாதம் உண்ணத் தகும் என்று ஒரு மதியத்தில் பதினாறு வகை சொன்னார். பிள்ளைகள் ஒவ்வொன்றையும் நோட்டில் ஒட்டி எழுதியிருக்கிறார்கள். 2002 பல்லுயிர்ச் சட்டத்தின்படி ஒவ்வோர் உள்ளாட்சியும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு வைத்திருக்க வேண்டும். அதைப் பிள்ளைகளும் இந்த அம்மாவும் சேர்ந்து எழுதினால், அதைவிட நல்ல அறிவியல் செய்முறை எந்த ஆய்வகத்தில் கிடைக்கும்?

கடைசியாகக் காசு. எங்கள் நீர்ப்பாய்ச்சியின் அறிவுக்கு ஊர் களத்தில் நெல் அளந்து கொடுக்கிறது. பள்ளி மட்டும் அவரிடம் சேவை என்று சொல்லி இலவசமாக வாங்கிக்கொள்கிறது. இரண்டு வருடமாக நானும் அதைத்தான் செய்திருக்கிறேன், ஒரு டீயும் சால்வையும் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். அவர் எங்களோடு வருகிற நாளில் அவருக்கு ஒரு நாள் கூலி போகிறது. வகுப்புக்கு 500 ரூபாய், வாரம் ஒரு வகுப்பு, வருடத்துக்கு 40 வாரம் என்றால் 20,000 ரூபாய் ஆகிறது. போன ஆண்டு ஜூன் 5 அன்று வந்த கன்றுகள், இரண்டு வேன், பிள்ளைகளுக்குக் கொடுத்த தொப்பி, பதாகை, சாப்பாடு எல்லாம் சேர்த்தால் அதைவிட அதிகமாகவே ஆகியிருக்கும். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரப் போகிறேன். வருகைப் பதிவேட்டில் அவர் பெயருக்கு ஒரு வரி, வகுப்பு முடிந்த அன்றே கையில் பணம். மூன்று வருடத்துக்கு இந்தத் தொகையை ஏற்றுக்கொள்ள யாராவது முன்வந்தால் எங்களுக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

இந்த ஐப்பசியில் முதல் பெருமழை பெய்து மூன்றாம் நாள் மறுபடியும் நடுகிறோம். எந்த இடத்தில் எது என்று அய்யா குறித்துக் கொடுத்திருக்கிறார்: கரையில் பனை விதை, வரத்துக்கால் ஓரம் நீர்மருது, பள்ளி வாசலில் ஒரு வேம்பு, இரண்டு புங்கன். பனை தவிர மொத்தம் 40 கன்றுதான். வர விரும்புகிறவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள், மழை பெய்தவுடன் தகவல் தருகிறேன். மண்வெட்டி எங்களிடம் இருக்கிறது.