எல்லோருக்கும் ஒரே தாத்தா

எங்கள் வகுப்பில் இருக்கும் அத்தனை பேருக்கும் ஒரே தாத்தா. கோட்டயத்துக்காரிக்கும் அவர்தான், ஹாசன்காரனுக்கும் அவர்தான், இன்று மாலையிலிருந்து எனக்கும் அவரேதான். பத்தாவது பிறந்தநாளுக்குச் சிவப்பு சைக்கிள் வாங்கித் தந்தாராம். அன்றைக்கே எங்களுக்குத் தன்னம்பிக்கை பிறந்துவிட்டதாம். ஐஇஎல்டிஎஸ் என்கிற ஆங்கிலத் தேர்வின் பேச்சுப் பகுதியான ஸ்பீக்கிங்கில் சைக்கிளைப் பற்றிக் கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும் என்று ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அதற்கும் கட்டணத்தில் பங்கு உண்டு.

மாதிரித் தேர்வாம். பயிற்சியாளர் எதிரில் உட்கார்ந்து செல்போனில் பதிவை ஓடவிட்டார். "சிறுவயதில் உங்களிடம் சைக்கிள் இருந்ததா?" நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் நடந்ததைச் சொன்னேன், ஆங்கிலத்தில்தான். பதினோராம் வகுப்பில் பள்ளியில் கொடுத்தார்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழ்நாட்டில் அரசாங்கமே சைக்கிள் கொடுக்கும். அம்மாவுக்குப் புதுக்கோட்டை. 1990களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள், அவர்களில் அம்மாவும் ஒருத்தி. முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு எனக்கும் அவள்தான் பின்னால் ஓடிவந்து கற்றுக்கொடுத்தாள். செயின் மூடியின் தகரம் கிழித்த தழும்பு என் கணுக்காலில் இன்னும் இருக்கிறது. அதுவரை சொல்லியிருப்பேன், கையை உயர்த்திவிட்டார்.

"மேடம், இலவசம் என்று வாயைத் திறக்காதீர்கள். தேர்வாளர் என்ன நினைப்பார்?"

என்ன நினைப்பார், சார்? கொடுத்த அரசாங்கத்துக்கு இல்லாத கூச்சம், ஓட்டிய எனக்கு இல்லாத கூச்சம், இவருக்கு எங்கிருந்து வந்தது?

"அம்மா கதை வேண்டாம். தாத்தாவைச் சொல்லுங்கள்."

என் தாத்தாவா? தன் சைக்கிளைத் திண்ணைத் தூணோடு சேர்த்துப் பூட்டிவிட்டு, சாவியை அரைஞாண் கயிற்றில் கோத்துக்கொண்டு தூங்கிய மனிதர் அவர். பெற்ற மகனுக்கே தராதவர், பேத்திக்குப் பிறந்தநாள் பரிசு தந்தாராம்! சரியென்று சொல்லித் தொலைத்தேன். 'சிவப்பு' என்ற இடத்தில் அழுத்தம் போதவில்லை என்று மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னேன். 'தாத்தா'வில் பாசம் தெரியவில்லை என்றார். எப்படித் தெரியும்? நீல சைக்கிளாகவாவது மாற்றிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். மனிதர் நிஜமாகவே யோசித்தார். "வேண்டாம் மேடம், சிவப்புக்குத்தான் போன பேட்ச்சில் ஏழரை மதிப்பெண் வந்தது."

அடுத்த கேள்வி, உங்கள் நகரத்தில் சைக்கிள் ஓட்டுபவர்கள் அதிகமா? ஜெராக்ஸ் தாள் என்ன சொல்கிறதென்றால், எங்கள் நகரத்தில் சைக்கிளுக்குத் தனிப்பாதைகள் உண்டு, பலரும் மகிழ்ச்சியாக அலுவலகத்துக்கு மிதித்துச் செல்கிறார்கள். இதை நான் ஒப்பிப்பது பெங்களூரு மாரத்தஹள்ளியில், மூன்றாவது மாடியில். அவர் தலைக்குப் பின்னால் ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே அவுட்டர் ரிங் ரோடு. 2020இல் சில்க் போர்டு பக்கமிருந்து இதே சாலையில் சைக்கிள் பாதை போட்டார்கள். தடுப்புக் கம்பங்களை இடித்துச் சாய்த்துவிட்டு ஸ்கூட்டர்கள் உள்ளே புகுந்தன, மிச்சத்தை மெட்ரோ வேலை பார்த்துக்கொண்டது. இன்று கீழே தெரிந்த ஒரே சைக்கிள் இளநீர்க்காரருடையது. அவரும் தள்ளிக்கொண்டுதான் போனார்.

"உண்மையா பொய்யா என்றெல்லாம் தேர்வாளர் பார்க்க மாட்டார், மேடம்" என்றார். வாஸ்தவம். ஆனால் மனப்பாடம் செய்த பதிலைக் கண்டுபிடிக்க அவருக்குப் பயிற்சியே கொடுத்திருக்கிறார்களே, சார்! பாவம் அந்த ஆள், ஒரே நாளில் எத்தனை முறை அந்தத் தாத்தாவைச் சந்திப்பாரோ.

ராத்திரி டியூட்டியில் தமிழ், கன்னடம், இந்தி, ஆங்கிலம் என்று கட்டிலுக்குக் கட்டில் மாற்றிப் பேசி, ஊசிக்குப் பயப்படுகிறவர்களைச் சமாதானப்படுத்துகிறேன். அது கணக்கில் வராது. பிரிட்டனில் நர்ஸாகப் பதிய ஸ்பீக்கிங்கில் 7 வேண்டும். 11 முதல் 14 நிமிடப் பேச்சில் அதை வாங்க வேண்டும். வாங்கினாலும் இரண்டு ஆண்டுதான் செல்லும், அதற்குப் பிறகு என் ஆங்கிலம் பால் பாக்கெட்டைப் போலத் திரிந்துவிடும் போலிருக்கிறது.

வெளியே வரும்போது கோட்டயத்துக்காரி மெதுவாகக் கேட்டாள்: "சேச்சி, கடைசியில் தாத்தா இறந்துவிட்டார் என்று சேர்த்தால் அரை மதிப்பெண் கூடுமா?" படிக்கட்டில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம்.

சிரித்த வாயோடு கீழே காபி குடிக்கப் போனால், அங்கே வேறு கூத்து. முழுக் காபி கேட்டேன், முழுக் காபிக்குக் காசும் கொடுத்தேன். வந்ததோ, ஒரு காபியை இரண்டாகப் பிரித்துக் கொடுக்கும் பை-டூ கிளாஸ். கேட்டால், இதுதான் முழுசு, பை-டூ இதைவிடச் சின்னது என்கிறார். பாதிக்கு மேல் நுரை. இதை யாரிடம் போய்ச் சொல்வது?