சோரம் (திருமணத்துக்குப் புறம்பான உறவு) நிரூபணமானால் பிள்ளை தானாக மற்றப் பெற்றோரிடம் போய்விடுமா?

சகோதரி, வேறொருவருடன் உறவு வைத்திருந்த தாய்க்கோ தந்தைக்கோ பிள்ளைமீது உரிமை அற்றுப்போகும் என்று உங்கள் கேள்விக்கு ஒருவர் பதில் எழுதியிருக்கிறார். இலங்கைப் பொதுச் சட்டத்தில் அப்படி ஒரு விதி இல்லை.

சோரம் விவாகரத்துக்கான காரணம் என்பது உண்மை. 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் 19ஆம் பிரிவில் அது இருக்கிறது. பிள்ளை யாரிடம் வளர்வது என்பதோ தனிக் கேள்வி. அதில் நீதிமன்றம் முதன்மையாகப் பார்ப்பது பிள்ளையின் நலன்: இதுவரை பள்ளிக்கு அனுப்பி, காய்ச்சல் வந்தால் விழித்திருந்து பார்த்தது யார், இனி அது எந்த வீட்டில் பாதுகாப்பாக இருக்கும் என்பதெல்லாம் அங்கே எடைபோடப்படும். பெற்றோரின் நடத்தையும் கணக்கில் வரும்தான். ஆனால் அது பிள்ளையை எப்படிப் பாதிக்கிறது என்ற அளவில். துணைக்குச் செய்த துரோகத்துக்கான தண்டனையாக அல்ல.

இதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. "வழக்குப் போட்டால் பிள்ளையைப் பறித்துவிடுவேன்" என்ற ஒரு மிரட்டலுக்கே பயந்து, வாய் திறக்காமல் எல்லாவற்றிலும் கையெழுத்திடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது அநியாயம்.

என் சொல்லை அப்படியே நம்ப வேண்டாம். அந்த 19ஆம் பிரிவை எடுத்து வாசியுங்கள். பிள்ளையைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. பிறகு கொழும்பு புதுக்கடையில் உள்ள சட்ட உதவி ஆணைக்குழுவில் இதே கேள்வியைக் கேளுங்கள். முஸ்லிம் விவாகங்களுக்கும் கண்டிய விவாகங்களுக்கும் வேறு சட்டங்கள் உண்டு என்பதால், உங்கள் திருமணம் எதன்கீழ் பதிவானது என்பதை முதலில் சொல்லுங்கள்.