நாள் வாடகை வீடுகளுக்குச் சட்டம் போடும்போது வேலூரையும் பாருங்கள்

சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடும் வீடுகளின் உரிமத்தை 2028 நவம்பருக்கு மேல் நீட்டிக்கப் போவதில்லை என்று பார்சிலோனா மேயர் 2024ல் அறிவித்தார். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். நியூயார்க்கில் 2023 செப்டம்பரிலிருந்தே கெடுபிடிதான். 30 நாளுக்குக் குறைவாக விடுவதென்றால் மாநகரத்தில் பதிவு செய்ய வேண்டும், வீட்டுக்காரரும் அதே வீட்டில் இருக்க வேண்டும், வந்து தங்குபவர் இரண்டு பேருக்கு மேல் கூடாது. ஹவாயின் மாவி தீவில் 2023 காட்டுத்தீயில் லஹைனா எரிந்து ஆயிரக்கணக்கானவர்கள் வீடிழந்தார்கள். அடுத்த வருடமே, ஏறக்குறைய 7,000 விடுமுறை வீடுகளை ஊர்க்காரர்கள் குடியிருக்கும் வீடுகளாக மாற்றும் திட்டத்தை அந்தத் தீவின் மேயர் முன்வைத்தார்.

இங்கேயும் இப்படி ஒரு சட்டம் வேண்டும் என்று நண்பர்கள் சிலர் சொல்கிறார்கள். எனக்கும் சட்டம் வேண்டும். ஆனால் நியூயார்க்கில் போட்டதை அப்படியே வேலூரில் போட்டால் யார் தலையில் விழும் என்று யோசிக்க வேண்டும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டு மாடியில் ஒரு போர்ஷனை நாங்களும் நாள் வாடகைக்குத்தான் விடுகிறோம். எனக்கு இதில் வருமானம் உண்டு என்று தெரிந்துகொண்டே படியுங்கள்.

எங்கள் மாடிக்கு வருபவர்கள் பெரும்பாலும் சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வருபவர்கள். 1900ல் டாக்டர் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய இடம் அது. இன்று ஹவுராவிலிருந்தும் தன்பாத்திலிருந்தும் கௌஹாத்தியிலிருந்தும் வரும் ரயில்கள் காட்பாடியில் நின்றால், இறங்குபவர்களில் பலர் கையில் ஸ்கேன் கவரோடுதான் இறங்குகிறார்கள். நாலு நாளில் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டு வருவார்கள். ரத்தப் பரிசோதனை, அதன் ரிசல்ட், வேறு டிபார்ட்மெண்டுக்குச் சீட்டு, அப்புறம் ஆபரேஷனுக்குத் தேதி என்று நாள் நீண்டுகொண்டே போகும். எப்போது கிளம்புவோம் என்று அவர்களுக்கே தெரியாது. 30 நாளுக்கு ஒப்பந்தம் போடு என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது? இரண்டு பேர்தான் தங்கலாம் என்றால் நோயாளி, மனைவி, துணைக்கு வந்த தம்பி, விட்டுவிட்டு வர முடியாத குழந்தை, இவர்களில் யாரை வெளியே நிறுத்துவது?

அவர்கள் முதலில் கேட்பது ஏசியை இல்லை, அடுப்பை. காஸ் அடுப்பு, குக்கர், நாலு பாத்திரம் இருந்தால் போதும். கடுகெண்ணெயும் மீனும் வாங்கிவந்து அவர்கள் ஊர்ச் சமையலைச் செய்துகொள்வார்கள். நோயாளிக்குக் குழைய வடித்த சோறு கிடைத்துவிடும். மூன்று வேளையும் ஓட்டலில் சாப்பிட்டால் வைத்தியத்துக்கு வைத்த பணம் அதிலேயே கரைந்துவிடும். லாட்ஜுகளையும் குறை சொல்லவில்லை, சமையலறையோடு அறை தரும் லாட்ஜுகள் இங்கே நிறைய உண்டு. ஆனாலும் ஒரு வீட்டில் குடும்பத்தோடு தங்கும் தெம்பு வேறு.

சுற்றுலா போகிறவர்களுக்கும் இதே தேவைதான். அமெரிக்காவில் இருக்கும் என் பெரியப்பா மகன், ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவைக் குழந்தைகளோடு நியூயார்க் அழைத்துப் போனான். அந்தச் சட்டத்தில் முழு வீடு எடுக்க வழியில்லை, இரண்டு ஓட்டல் அறை போட வேண்டியதாயிற்று. பெரியம்மாவுக்குச் சர்க்கரை. காலையில் ஒரு கஞ்சி வைக்க இடமில்லாமல் தவித்துப்போனார்கள்.

இப்போது மறுபக்கம். எங்கள் பக்கத்துத் தெருக்களில் மாத வாடகைக்கு வீடு தேடுகிற ஆசிரியர்களையும் நர்சுகளையும் எனக்குத் தெரியும். “மாசத்துக்கெல்லாம் விடறதில்லைங்க” என்று வாசலிலேயே பதில் வந்துவிடுகிறது. இரண்டு அறைப் போர்ஷனைப் பிளைவுட் வைத்து நாலாகத் தடுத்து, ஜன்னல் இல்லாத அறைக்கும் நாள் கணக்கில் காசு வாங்குகிறார்கள். தீப்பிடித்தால் இறங்க ஒரே ஒரு குறுகலான படி. நோயாளியை அங்கே வைத்துவிட்டு எப்படித் தூக்கம் வருகிறது என்று எனக்குப் புரியவில்லை. கட்டிடம் கட்டிடமாகக் குத்தகைக்கு எடுத்து இதைச் செய்பவர்கள் அந்தத் தெருவில் குடியிருப்பதே இல்லை. சட்டத்தின் பிடி இறுக வேண்டிய இடம் இதுதான்.

ஏலகிரியிலும் இதே கதை. 14 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போனால், ஹோம்ஸ்டே என்று பலகை மாட்டிய வீடுகளில் எத்தனையில் வீட்டுக்காரர் இருக்கிறார்? வாட்ச்மேன் சாவியைக் கொடுப்பார், வீட்டுக்காரர் பெங்களூரிலோ சென்னையிலோ இருப்பார். நடு ராத்திரி ஸ்பீக்கர், ஓடையில் பாட்டில், கிணறுகளோடு போட்டிபோடும் போர்வெல். தலைமுறை தலைமுறையாக அங்கே இருக்கும் மலையாளிப் பழங்குடி மக்கள் இதை எல்லாம் சகித்துக்கொண்டு இருக்கிறார்கள். அதே மலையில் தன் வீட்டிலேயே ஒரு அறையை ஒதுக்கி, வருபவர்களுக்குச் சமைத்தும் போடுகிற குடும்பம் உண்டு. இரண்டுக்கும் ஒரே விதி போட்டால் பெரிய முதலாளி வக்கீல் வைத்துத் தப்பித்துவிடுவார், அந்தக் குடும்பம்தான் கதவைச் சாத்தும்.

அதனால் நான் கேட்பது, நாட்களை எண்ணும் சட்டம் வேண்டாம். வீட்டுக்காரர் அங்கேயே குடியிருக்கிறாரா என்று பார்க்கும் சட்டம் வேண்டும். குடியிருந்தால் எத்தனை நாளுக்கும் விடட்டும். குடியிருக்காதவருக்கு ஒரு ஆளுக்கு இத்தனை வீடு என்று வரம்பு வையுங்கள். ஜன்னல், இரண்டாவது வழி, தண்ணீர் இல்லாத அறைக்கு உரிமமே தராதீர்கள். வரம்பு எதுவானாலும் ஆஸ்பத்திரி அப்பாயின்ட்மென்ட் சீட்டு காட்டுபவருக்கு விலக்கு கொடுங்கள். வங்கிக் கடன் வாங்கி மாடி எழுப்பியவர்கள் பலர் இருக்கிறார்கள், அவர்களுக்கு அவகாசம் வேண்டும். பார்சிலோனாவே நாலு வருடத்துக்கு மேல் கொடுத்தது. ஏற்கெனவே முன்பதிவு செய்து பணம் கட்டிய பயணியை நடுவில் நிறுத்தக் கூடாது.

பதிவு செய்வது சுமை என்று வீட்டுக்காரர்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை. வங்கதேசத்திலிருந்து ஒருவர் வந்து தங்கினாலே 24 மணி நேரத்துக்குள் அந்த வெளிநாட்டவரின் விவரத்தை அரசு இணையதளத்தில் ஏற்ற வேண்டும் என்பது பழைய விதி. ஒழுங்காகச் செய்கிறவர்கள் இதுவரை செய்துகொண்டுதான் இருக்கிறோம். ஆனால் புதிய பதிவைச் சென்னை அலுவலகத்திலோ ஆங்கிலத்தில் மட்டும் இருக்கும் இணையதளத்திலோ வைத்துவிடாதீர்கள். மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் தமிழில் ஒரு பக்கப் படிவம், சின்னக் கட்டணம், வந்து பார்த்துவிட்டுப் போகும் ஒரு ஆய்வாளர். இப்படி வைத்தால் பென்ஷன் வாங்கும் வீட்டுக்காரரும் புரோக்கருக்குப் பணம் அழாமல் தானே போய்ப் பதிந்துவிட்டு வருவார்.