பத்தாம் வசனம் எங்கே போச்சு?

சனிக்கிழமை ராத்திரி எங்க சபை வாட்ஸ்அப் குரூப்ல இருந்து என்னைத் தூக்கின கதை உங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு ஸ்கிரீன்ஷாட் வந்திருக்கும். நான் கெட்ட வார்த்தை எதுவும் போடலை. பைபிள்ல எரேமியா தீர்க்கதரிசி புத்தகத்துல இருக்கிற 29:11ஐ, அதாவது உங்களுக்காகக் கர்த்தர் நினைக்கிறது தீமைக்கில்ல, சமாதானத்துக்குத்தான்ங்கிற வசனத்தைப் போட்டு, "இந்த வருஷமே உங்கள் சிறையிருப்பு மாறும்"னு வந்த போஸ்டருக்குக் கீழே, "பத்தாம் வசனம் எங்கே?"ன்னு கேட்டேன். அவ்வளவுதான். எனக்கு அவிசுவாச ஆவியாம்.

பத்தாம் வசனத்துல இருக்கிறது எழுபது வருஷம். பாபிலோன்ல எழுபது வருஷம் முடிஞ்ச பிறகுதான் திரும்பக் கூட்டிட்டு வருவேன்னு இருக்கு. கி.மு. 597ல பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேம்ல இருந்து யூதா ராஜாவோட சேர்த்து வாரிக்கொண்டு போன ஜனங்களுக்கு எரேமியா எழுதின கடிதம் அது. முப்பது வயசுல அதைக் கேட்டவன், திரும்பி வரணும்னா நூறு வயசு வரைக்கும் இருக்கணும். அதனாலதான் அதே கடிதம் வீடு கட்டுங்க, தோட்டம் போடுங்க, பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணி வைங்க, பிடிச்சிட்டுப் போனவன் பட்டணத்துக்காகவே ஜெபம் பண்ணுங்கன்னு சொல்லுது. இதை யாராவது போஸ்டர் அடிப்பாங்களா?

ரெண்டே வருஷத்துல எல்லாரும் திரும்பிடுவாங்கன்னு சொன்ன தீர்க்கதரிசியும் இருந்தார். அனனியா. முந்தின அதிகாரம். பாபிலோனுக்கு அடங்கி இருங்கன்னு காட்ட எரேமியா கழுத்துல போட்டிருந்த நுகத்தை எல்லார் முன்னாலயும் பிடுங்கி உடைச்சார். எரேமியா முதல்ல "ஆமென்"னுதான் சொன்னார். அவருக்கு மட்டும் ஆசை இருக்காதா? ஆனா பிறகு, "நீ ஜனத்தைப் பொய்யை நம்பவைக்கிறாய்"னு முகத்துக்கு நேராச் சொல்லிட்டார். எரேமியா பேரைப் போட்டு நம்ம ஆட்கள் பண்றது அனனியா பிரசங்கம்.

"ஜனங்களுக்கு ஆறுதல் வேண்டாமா பிரதர்?" வேணும். எங்க அம்மாவும் அந்த வசன அட்டையை ஃபிரிஜ்ல ஒட்டித்தான் வெச்சிருக்கா. கிழிக்கச் சொன்னேனா? "நீ வேதாகமக் கல்லூரியில படிச்சியா?" இல்லை. பத்துக்கு அப்புறம்தான் பதினொண்ணு வரும்னு தெரியும்.

சரி, இதையும் சொல்லிடறேன். அப்பா டயாலிசிஸ்ல இருந்தப்போ மூணு பேர் ஜெபம் பண்ண வந்தாங்க. ஈஸ்டருக்குள்ள எழுந்து நடப்பார்னாங்க. கட்டில் பக்கத்துல, தோட்டத்தை என் பேருக்கு மாத்த அப்பா எழுதி வாங்கியிருந்த செட்டில்மெண்ட் பத்திரத்தோட வரைவு கிடந்துச்சு. ஒருத்தர் அதை எடுத்துப் பார்த்துட்டு, "என்ன அண்ணாச்சி, விசுவாசம் இல்லையா?"ன்னார். அப்பா ஒண்ணும் சொல்லாம அதை வாங்கித் தலையணைக்கு அடியில செருகினார், திருடி மாட்டிக்கிட்ட பிள்ளை மாதிரி. ஈஸ்டர் வரைக்கும் அவர் இல்லை. அடக்கத்தன்னைக்கே "விசுவாசக் குறைவு"ங்கிற வார்த்தை என் காதுல விழுந்துச்சு.

அந்த மூணு பேரும் எரேமியா 32ஐ வாசிச்சதே இல்லையா? பாபிலோன் படை ஊரைச் சுத்தி நிக்குது. எரேமியா காவல்ல இருக்கார். அப்போ பங்காளிகிட்ட தன் சொந்த ஊரான ஆனதோத்துல நிலம் வாங்குறார். 17 சேக்கல் வெள்ளி, தராசுல நிறுத்துக் கொடுக்குறார். சாட்சி, முத்திரை, கிரயப்பத்திரம். அநேக நாள் கெடாம இருக்கணும்னு அதை மண்பாண்டத்துல வைக்கச் சொல்றார். எங்க அப்பாவுக்குத் தலையணைதான் கிடைச்சுது.

என்னைக் குரூப்ல திரும்பச் சேர்க்க வேண்டாம். அடுத்த போஸ்டர்ல பத்தாம் வசனத்தைப் பொடி எழுத்துலயாவது போட்டுடுங்க.